ஐந்தாம் கட்டில்காரரின் சலக் கணக்கு

தாதித் தொழில் என்றால் ஊருக்கு வெள்ளைத் தொப்பியும் சிரித்த முகமும்தான் ஞாபகம் வரும்; கிட்னி வாட்டில் நின்ற எங்களுக்கு ஞாபகம் வருவது சலப்போத்தல், சிறுநீர் பிடிக்கிற போத்தல். யார் எத்தனை மில்லிலீட்டர் போனார், என்ன நிறம், நுரைக்கிறதா, எரிகிறதா, போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று கேட்டுக் கேட்டே என் இளமை முடிந்தது. இந்தத் தொழிலில் கிடந்து மாரடித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சிறுநீரகம் பழுதாகி முற்றிய ஆளுக்கு, நேற்று எவ்வளவு சலம் போனதோ அதோடு அரை லீட்டர் கூட்டித்தான் இன்றைக்குத் தண்ணீர் கொடுப்போம். கணக்குப் பிழைத்தால் ஒன்றில் நெஞ்சில் நீர் கட்டும், இல்லாவிட்டால் ஆள் வற்றிப் போவார்.

சண்டைக் காலம் அது. கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டின வாடகை அனெக்ஸில் இருந்து பஸ்ஸில் போய் வருவேன். எங்கள் வாட்டில் தமிழ் தெரிந்த தாதி நான் ஒருத்திதான். ஆகவே அளக்கிறதும் நான், மொழிபெயர்க்கிறதும் நான், ஏச்சு வாங்குகிறதும் நான்.

ஊர் கேட்க ஒரு கேள்வி

தியாகராசா மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். வயது ஐம்பதுக்குக் கிட்ட. சிறுநீரகம் இரண்டும் முக்கால்வாசி போய்விட்டது, கொழும்புக்குக் கொண்டு போங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். ஊரை விட்டு வெளிக்கிட ஆமியிடம் பாஸ் எடுத்து, மனைவி புவனத்தோடு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து, பொலிஸில் பதிந்து, மூன்றாம் நாள் எங்கள் வாட்டில் ஐந்தாம் கட்டிலில் வந்து விழுந்தார். அவர்கள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மிச்சமிருக்கிற சிறுநீரகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தால், மருந்தோடு ஊருக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். அவ்வளவுதான்.

முதல் நாள் காலை சின்ன டொக்டர் ரவுண்ட் வந்தார். நல்ல படிப்பு, நல்ல சப்பாத்து. கட்டிலுக்கு ஆறடி தள்ளி நின்றுகொண்டே, வாட் முழுக்கக் கேட்க, "முத்ரா யனவாத?" என்றார். சலம் போகிறதா என்று. பக்கத்துக் கட்டில்காரர்கள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள், தேநீர் வண்டி தள்ளுகிறவர் எல்லாருமாக மாஸ்டரின் பதிலுக்குக் காத்திருந்தார்கள். மறைப்புக்கு வாட்டில் ஒரே ஒரு திரை இருந்தது. அதற்கும் கால் உடைந்து, இரண்டு மாதமாக மேட்ரனின் அறைக்கு வெளியே திருத்த ஆள் வரும் என்று நின்றது. நான் கிட்டப் போய்க் குனிந்து மெல்லக் கேட்டேன். மாஸ்டர் நிலத்தைப் பார்த்தபடி, "போகுதில்லை மிஸ்" என்றார். அடுத்த இரண்டு நாளும் அதே பதில். போத்தலின் அடி நனைகிற அளவு ஐம்பது மில்லிலீட்டர் கிடக்கும், அதை எழுதினேன்.

டொக்டர் தண்ணீரை அரை லீட்டருக்கு வெட்டினார், சலம் இறக்குகிற ஊசியைக் கூட்டினார். நான் மாஸ்டரின் அடிவயிற்றை அமர்த்திப் பார்த்திருந்தேன். சலப்பை வெறுமை. காலில் வீக்கம் இல்லை. நாக்கு உலர்ந்து வெடித்திருந்தது. சலம் ஊறாமல் இருப்பது ஒன்று, ஊறி வெளியே போகாமல் நிற்பது ஒன்று. இந்த மனிதரில் இரண்டுமே பொருந்தவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். டொக்டர் சார்ட்டில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஆங்கிலத்தில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "அளக்கிறது உங்கள் வேலை, மிஸ். யோசிக்கிறதற்கு நாங்கள் இருக்கிறோம்."

செவ்விளநீர் அன்ரி

நம்முடைய சனத்தையும் சும்மா விட முடியாது. மாஸ்டருக்கு வெள்ளவத்தையில் ஒரு ஒன்றுவிட்ட தங்கச்சி, எனக்கு அன்ரி. மூன்று அறை உள்ள வீடு, கடற்கரைப் பக்கம், நான் பஸ்ஸுக்கு நடக்கும் வழிதான். நாலாம் நாள் பார்க்கிற நேரத்துக்கு ஓட்டோவில் வந்து இறங்கினா. இரண்டு கையிலும் செவ்விளநீர். சலம் போகாத ஆளுக்குச் செவ்விளநீர் கொடுத்தால் போகும் என்பது கொழும்பில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். சிறுநீரகம் முற்றிய ஆளுக்கு அதுவே நெஞ்சு அடிப்பை நிறுத்திவிடும் என்பது எங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. நான் ஓடிப் போய்ச் சேரும்போது அன்ரி ஒன்றைச் சீவி, ஸ்ட்ரோவும் போட்டு, மாஸ்டரின் வாயடியில் பிடித்துக்கொண்டு நிற்கிறா. பறித்தேன். "என்ன மிஸ், இயற்கையான சாமான்தானே?" என்று என்னைப் பிடித்துக்கொண்டா. நஞ்சும் இயற்கையான சாமான்தான் என்றேன்.

கோபம் எனக்கு இளநீரில் இல்லை. புவனம் அக்கா அந்த லொட்ஜில் தனியே கிடக்கிறா. கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் நெஞ்சு பதறுகிறது என்று என்னிடம் சொல்லியிருந்தா. இளைய ஆட்கள், வயது போனவர்கள் என்று பாராமல் பொலிஸும் ஆமியும் தமிழர் தங்கின லொட்ஜ் லொட்ஜாகச் சுற்றி வளைத்து, லொறியில் ஏற்றிக்கொண்டு போகிற காலம். மாஸ்டருக்குத் துண்டு வெட்டி, வாட்டை விட்டு அனுப்பினால், இரண்டு பேரையும் ஒரு கிழமைக்கு, ஏழே ஏழு நாள், உங்களோடு வைத்திருக்கலாமே என்று அன்ரியைக் கேட்டேன். வீட்டுக்காரன் ஏசுவான், புதிதாக ஆள் வந்தால் பொலிஸில் பதியவேணும், மகன் ஏ.எல். சோதனைக்குப் படிக்கிறான் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தா. பொய்யென்று சொல்லமாட்டேன், அந்தப் பயம் என் அனெக்ஸிலும் இருந்தது. ஆனாலும் போகும்போது சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் எரிகிறது: "இளநீர் எண்டால் எத்தினை எண்டாலும் கொண்டு வருவன் மிஸ். ஆள் எண்டால்தான் கரைச்சல்."

கழுவின போத்தல்

கிட்னி வாட்டில் விடிந்ததும் முதல் வேலை நிறுவை பார்ப்பது. ஐந்தாம் நாள் மாஸ்டர் தராசில் ஏறினார். வந்த நாளை விட நாலு கிலோ குறைவு. சலமே போகாத ஆளுக்கு உடம்பில் தண்ணீர் ஏறவேணும், நிறுவை கூடவேணும். இவருக்குக் குறைகிறது. எழும்பி நின்றால் தலை சுற்றுகிறது. அந்த நிறுவைக் கட்டம் சார்ட்டில் சலக் கட்டத்துக்கு நேர் கீழேதான் இருக்கிறது. ஐந்து நாளாக இரண்டு டொக்டர்மார் அதில் கையெழுத்து வைத்திருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

அன்றைக்குப் போத்தல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மற்றவர்களின் போத்தல் எல்லாம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மஞ்சள் படிந்து, மூக்கைப் பொத்தவேணும். ஐந்தாம் கட்டில் போத்தல் மட்டும் சன்லைற் சவர்க்காரம் மணக்க மணக்க இருந்தது. சலம் போகாத மனிதன் போத்தலை ஏன் கழுவுகிறான்? கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, என் சொந்தத் தமையனை ஏசுகிற மாதிரி ஏசினேன். தண்ணீர் இல்லாமல் வற்றினால் மிச்சமிருக்கிற சிறுநீரகமும் போய்விடும், செத்துப்போவீர்கள், யாரை ஏமாற்றுகிறீர்கள் என்று கேட்டேன்.

மாஸ்டர் எல்லாம் சொன்னார். சலம் தாராளமாகத்தான் போகிறது. போர்வைக்குள் வைத்துப் போத்தலில் போவார். முகம் கழுவுகிற சாக்கில் துவாயால் மூடிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு, கழுவி, அடி நனைகிற அளவு மட்டும் வைத்துக்கொண்டு வருவார். இந்த வாட்டில் ஒருவனுக்குப் போத்தல் நிறைந்தால் டொக்டர் முதுகில் தட்டித் துண்டு வெட்டுவதை முதல் நாளே கவனித்துவிட்டார். கணக்கு வாத்தியார் அல்லவா, அந்தக் கணக்கை மட்டும் சரியாகப் போட்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் இறக்குவது என்று தெரியாமல் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னார்: "இஞ்சை படுத்திருந்தால் நான் நோயாளி, மிஸ். லொட்ஜிலை படுத்திருந்தால் நான் சந்தேக நபர்."

இரண்டு லீட்டர் பாராட்டு

நான் என்ன செய்யவேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். பூச்சியத்தை எழுதிக்கொண்டே இருந்தால் ஆள் வாட்டிலேயே சாவார். உள்ளதை எழுதினால் வெளியே அனுப்புவார்கள். எழுதவேண்டாம் மிஸ் என்று புவனம் அக்கா என் கையைப் பிடித்தா. எழுதினேன். அடுத்த இருபத்துநாலு மணித்தியாலமும் போத்தலை என் கையாலேயே அளந்தேன். இரண்டு லீட்டருக்கு ஐம்பது குறைவு. நிறுவையையும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு சின்ன டொக்டரின் மூக்குக்குக் கீழே நீட்டினேன். ஊசியை நிறுத்தினார், தண்ணீரைக் கூட்டினார். நாலு நாளில் நாக்கு ஈரமானது. இரத்தத்தில் கழிவின் அளவும் கொஞ்சம் இறங்கியது. சிறுநீரக வருத்தம் முற்றினது முற்றினதுதான். ஆனால் இன்னும் கொஞ்சக் காலம் இரத்தம் சுத்திகரிக்கிற மெஷின் இல்லாமல் ஓட்டலாம் என்ற இடத்துக்கு மனிதர் வந்துவிட்டார்.

பெரிய டொக்டர் ரவுண்ட் வந்த அன்று சின்னவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தான் கூட்டிக் கொடுத்த ஊசியால் சலம் திறந்துகொண்டது என்றார். பெரியவர் அவர் முதுகில் தட்டினார். நான் பக்கத்தில் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பல்லுக் கடிபட்ட சத்தம் அடுத்த வாட்டுக்கும் கேட்டிருக்கும்.

பெரியவர் சொன்னார்: ஆள் வெளியே போகலாம். இருபத்துநாலு மணித்தியாலச் சலத்தை ஒரு பிளாஸ்டிக் கானில் சேர்த்து, வருகிற செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குக் கொண்டுவரட்டும். முடிவு சரியென்றால் மூன்று மாத மருந்து தரலாம், ஊருக்குப் போகலாம். நான் விடவில்லை. அந்தச் சலத்தை இங்கேயே வைத்துச் சேர்க்கலாமே, இன்னும் இரண்டு நாள்தானே, அவர்கள் இருக்கிற லொட்ஜில் நிலைமை சரியில்லை என்று ஆங்கிலத்தில் கெஞ்சினேன். கெட்ட மனிதர் அல்ல. கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கட்டில் இல்லாமல் நிலத்தில் பாயில் கிடந்த இரண்டு பேரைக் கையால் காட்டிவிட்டுச் சொன்னார்: "இது ஆஸ்பத்திரி, மிஸ். லொட்ஜ் அல்ல."

கானுக்குள் என்ன?

செவ்வாய்க்கிழமை கிளினிக் வாசலில் மாஸ்டரும் புவனம் அக்காவும் நின்றார்கள். மாஸ்டரின் கையில் நான் கொடுத்துவிட்ட வெள்ளைக் கான். வெறுங்கான். மூடியும் இல்லை.

கொட்டாஞ்சேனையில் இருந்து வந்த பஸ்ஸைச் சந்தியில் மறித்துச் சோதனை. எல்லாரையும் இறக்கினார்கள். கானுக்குள் என்ன என்று ஆமிக்காரப் பொடியன் கேட்டான். மாஸ்டருக்குச் சிங்களத்தில் தெரிந்தது ஆஸ்பத்திரி என்ற சொல் மட்டும்தான். அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். கிளினிக் அட்டையையும் காட்டினார். அந்தக் காலத்தில் போத்தலில் தண்ணீர் கொண்டு போனால் சந்தியில் என்ன செய்விப்பார்கள் என்று கொழும்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாய் குடித்துக் காட்டவேண்டும். குடித்தால் தண்ணீர், குடிக்காவிட்டால் குண்டு. பொடியனும் அதையே சொன்னான்: "பீலா பென்னன்ன." குடித்துக் காட்டு.

பின்னால் நின்ற ஒரு சிங்கள அம்மா கானின் நிறத்தைக் கண்டதும் விளங்கிக்கொண்டு, மகனே, அது சலமடா, அந்த மனிதன் நோயாளி என்று வாயில் அடித்துக் கத்தினா. பொடியன் திறந்து மணந்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுவதையும் தெருவோரச் சாக்கடைக்குள் ஊற்றிவிட்டு, மூடியையும் எறிந்துவிட்டுப் போகச் சொன்னான். பஸ்ஸில் சிலர் சிரித்தார்களாம். சாக்கடைக்குள் போனது ஒரு நாள் முழுக்க ஒருவர் எண்ணி எண்ணிச் சேர்த்த கணக்கு. லாப்காரரிடம் போய் நான் மல்லுக்கட்டினேன். சலம் இல்லாமல் என்னத்தைச் சோதிக்கிறது, அடுத்த செவ்வாய் திரும்பக் கொண்டுவரட்டும் என்றார். அது நியாயம். நியாயமானபடியால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. இன்னும் ஒரு கிழமை அந்த லொட்ஜில் இருக்கவேணும். நான் கத்தின கத்தலில் மாஸ்டர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்: "அந்த அம்மா சத்தம் போட்டது நல்ல காலம் மிஸ். நான் குடிக்கிறதுக்கு வாயைத் திறந்திட்டன்."

செவ்வாய்க்கிழமை

அடுத்த செவ்வாய் புவனம் அக்கா தனியே வந்தா. கானைப் பழைய சீலைத் துண்டால் சுற்றி, சொப்பிங் பைக்குள் வைத்து, அதற்கு மேல் கிளினிக் அட்டையையும், சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவித்த ஒரு துண்டையும் குத்தி வைத்திருந்தா. சோதனைச் சாவடியில் இந்த முறை ஒருவரும் கானைத் தொடவில்லையாம். தலை வாரவில்லை. காலில் இரண்டு சோடிச் செருப்பில் ஒவ்வொன்று.

முடிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் இரவு லொட்ஜைச் சுற்றி வளைத்து ஆம்பிளைகள் எல்லாரையும் லொறியில் ஏற்றியிருந்தார்கள். மாஸ்டர் காட்டவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு லொட்ஜ் மனேச்சரின் மேசை லாச்சிக்குள், மனேச்சர் வீட்டில், லாச்சியைப் பூட்டின சாவி அவருடைய மடியில். சின்ன டொக்டரிடம் ஓடினேன். அந்த மனிதனை நான் எத்தனை தரம் திட்டியிருப்பேன். அன்றைக்குத் தன் கையாலேயே சிங்களத்தில் கடிதம் எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்து, தானே பொலிஸுக்கு டெலிபோனும் எடுத்தார். மூன்றாம் நாள் விட்டார்கள். உள்ளே முப்பது பேருக்கு ஒரு வாளித் தண்ணீரும், காவலுக்கு நிற்பவன் மனம் வைத்தால் மட்டும் ஒரு கக்கூசும். மாஸ்டரைத் திரும்ப எங்கள் வாட்டுக் கட்டிலில் ஏற்றும்போது முகம் ஊதி, மூச்சு இழுத்தது. இந்த முறை அவர் போத்தலை ஒளிக்கவில்லை. போத்தலில் உண்மையாகவே ஒன்றும் இல்லை. அதன்பிறகு அவருக்கு மெஷின்தான். ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை.

ஆனால் அந்தச் செவ்வாய் காலையில் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. புவனம் அக்கா வந்து கானை என் மேசையில் வைத்தா. அழவில்லை. எனக்கு முன்னால் நின்று, பிழை விட்ட பிள்ளை மாதிரிச் சொன்னா: "ஒரு சொட்டும் சிந்தேல்லை மிஸ். பதினெட்டு மணித்தியாலம் சேர்த்தவர், பிறகு ஆளைக் கொண்டு போட்டினம். மிச்ச ஆறு மணித்தியாலத்துக்கு ஆள் இல்லை. சோதிக்கிறதுக்கு இது காணுமோ?"

முப்பது வருஷம் ஊராரின் சலத்தை மில்லிலீட்டர் தவறாமல் அளந்து எழுதி, பென்ஷனும் எடுத்துவிட்டேன். அந்த ஆறு மணித்தியாலத்தைச் சார்ட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மட்டும் எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.